மறு: மறு: ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங் - தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பனிச்சறுக்குக் கட்டையில் வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங்குக்கு இந்த இழையில் முன்மொழிந்த 'கட்டற்ற பனிச்சறுக்கு' எனக்கு ஒப்பவில்லை. கட்டற்ற மென்பொருள் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லுக்கு வேறொரு வாசம் ஏறிவிட்டது. தவிர, இந்த ஆட்டத்தில் கட்டு இல்லாமலா இருக்கிறது? எழும்பிய உயரம், சுழன்ற அளவு, சறுக்குக்கட்டையைக் கையால் பிடித்த விதம், இறங்கிய பாங்கு எல்லாவற்றையும் நடுவர்கள் பார்க்கிறார்கள்.

என் பரிந்துரை: கரணச்சறுக்கு. குட்டிக்கரணத்தில் உள்ள அதே கரணம். தப்பினால் என்ன ஆகும் என்று பழமொழியே இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் வீராங்கனை எய்லீன் கு பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சிக்கல். 2003இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 2019இல் தாயின் நாடான சீனாவுக்கு மாறினார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 18 வயதில், பிக் ஏர் (பெரிய மேடையிலிருந்து ஒரே தாவல்), ஹாஃப்பைப் (அரைக்குழாய் வடிவப் பள்ளத்தின் இரு சுவர்களிலும் ஏறி வித்தை) இரண்டிலும் தங்கம். ஸ்லோப்ஸ்டைலில் (தடைகளும் மேடைகளும் வைத்த சரிவில் வித்தை) வெள்ளி, தங்கம் நழுவியது 0.33 புள்ளியில்.

பிக் ஏர் இறுதிக்கு வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. பழைய எஃகு ஆலையின் குளிர்விப்புக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் எழுப்பிய மேடை. ஆளுக்கு மூன்று வாய்ப்பு, சிறந்த இரண்டுதான் கணக்கில் சேரும். இரண்டு முடிந்தபோது பிரான்சின் டெஸ் லெடு முன்னிலையில். கு அம்மாவுக்குப் போன் போட்டார். 1440 பாகை சுற்றினால் போதுமே என்றார் அம்மா. மகள் போட்டியில் அதுவரை செய்திராத 1620ஐ எடுத்தார். 94.50 புள்ளி, தங்கம்.

1620 பாகை என்றால் நாலரைச் சுற்று. நான் எழுதிய வாக்கியம்: "மூன்றாம் சுற்றில் நாலரைச் சுற்று சுற்றினார்." வீட்டில் வாசித்துக் காட்டினேன். "எனக்கே தலை சுத்துது" என்றாள் மகள். ஆகவே வாய்ப்பை 'முறை' என்றும் உடல் சுற்றுவதைச் 'சுழற்சி' என்றும் பிரித்துவிட்டேன்.

அடுத்து கார்க். பம்பரம் ஓயப்போகும்போது தலை சாய்ந்து ஆடுமே, அப்படி அச்சு சாய்ந்த சுழற்சி. இங்கே உடம்பு ஏறக்குறைய தலைகீழாகவே போய்விடும். 'சாய்கரணம்' என்கிறேன். கு செய்தது இருமுறை அப்படிச் சாய்வது, எனவே இரட்டைச் சாய்கரணம்.

அரைச் சுழற்சி மிஞ்சுவதால் முன்பார்த்து எழும்பியவர் பின்பார்த்துத்தான் தரைதொட வேண்டும். அந்த ஸ்விட்ச்சுக்குப் 'புறமுதுகு இறக்கம்' எப்படி?

---

> என் பரிந்துரை: கரணச்சறுக்கு.

ஐயா, சொல் நாவில் நன்றாக உட்காருகிறது. ஆனால் ஸ்கீ கிராஸும் ஃப்ரீஸ்டைலில்தானே சேர்த்தி? நாலு பேர் ஒன்றாகக் கிளம்பி முந்தி வருபவர் ஜெயிக்கும் பந்தயம் அது. அங்கே ஒருவர் கரணம் அடித்தால் கீழே விழுந்தார் என்றுதான் பொருள். பிக் ஏர், ஹாஃப்பைப், ஸ்லோப்ஸ்டைல் மாதிரி வித்தை காட்டும் ஆட்டங்களுக்கு மட்டும் கரணச்சறுக்கை வைத்துக்கொண்டு, மொத்தப் பிரிவை இப்போதைக்கு ஃப்ரீஸ்டைல் என்றே விட்டுவிடலாம்.

சாய்கரணத்தை இப்போதே என் பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

புறமுதுகு மட்டும் வேண்டவே வேண்டாம். "கடைசி முறையில் புறமுதுகு காட்டினார், தங்கம் கிடைத்தது" என்று எவனாவது எழுதி வைப்பான். 'பின்முக இறக்கம்' என்று போட்டால் என்ன?