ஈரம் இருக்கிறது, செடி வாடுகிறது

மீனா: பெரியப்பா, தக்காளிப் பாத்தியில் மண் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செடி வாடுகிறது. இன்னும் தண்ணீர் விடவா?

பெரியப்பா: விடாதே. ஈர மண்ணைப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா மாதிரி தள்ளிப் பார். எவ்வளவு நீளம் உடையாமல் வருகிறது?

மீனா: விரல் நீளத்துக்கு வருகிறது!

பெரியப்பா: 5 செ.மீ. தாண்டினாலே களிமண். துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது, இடையில் உள்ள துளைகளும் அப்படித்தான். எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்துவிட்டால் காற்றுக்கு ஏது இடம்? வேர் மூச்சுமுட்டி, தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போகும்.

அத்தை: மணல் கலந்து விடு மீனா, இளகிவிடும்.

பெரியப்பா: ஐயோ, வேண்டாம்மா. கொஞ்சம் மணல் போட்டால் அதன் இடைவெளியையும் களி அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் முன்பைவிடக் கெட்டியாகும். பலன் வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அத்தனையை யார் சுமப்பது? மட்கு போடட்டும். மண் நயம், அதாவது மணலும் களியும் கலந்திருக்கும் விகிதம், மாறாது, ஆனால் துகள்கள் திரண்டு பொலபொலவென்று ஆகும், காற்று போக வழி கிடைக்கும்.

கார்த்தி: என் பக்கம் நேர் எதிர். வெறும் மணல். காலையில் விட்ட தண்ணீர் மாலையில் காணோம். உரம் போட்டும் பலன் இல்லை.

பெரியப்பா: தண்ணீரோடு உரமும் வேருக்குக் கீழே இறங்கியிருக்கும். களித்துகளின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. நேர் மின்னூட்டம் உள்ள பொட்டாசியம், கால்சியம் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். மணலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. தண்ணீரோ உரமோ, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடு. மட்கும் சேர்.

அத்தை: அதற்கும் மட்கு, இதற்கும் மட்கா 😄

சித்தப்பா: அண்ணா, என் சரிவில் மழை பெய்தால் மண்ணே ஓடுகிறது. காய்ந்த மண்ணைத் தொட்டால் மாவு மாதிரி இருக்கிறது.

பெரியப்பா: அது வண்டல், தம்பி. மணலைவிடப் பொடி, களியைவிடப் பெரிது. இந்த மூன்றில் அதுதான் சுலபமாக அரித்துப் போகும். மணல் போலக் கனமும் இல்லை, களி போல ஒட்டும் குணமும் இல்லை. சீனாவில் லோயஸ் பீடபூமி முழுக்கக் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல்தான். மஞ்சள் ஆறு மஞ்சளாக ஓடுவது அந்த மண்ணால்தான்.

சித்தப்பா: அப்போ என் மண் மோசமா?

பெரியப்பா: யார் சொன்னது? வேர் எடுத்துக்கொள்ளும்படி நீரைச் சேமிப்பதில் வண்டல் கலந்த மண்தான் முதலிடம். களி இன்னும் அதிகம் பிடிக்கும், ஆனால் அதில் பெரும்பங்கை விடவே விடாது. உன் மண்ணை வெறுமையாக மட்டும் விடாதே. வைக்கோல், சருகு பரப்பி மூடாக்கு போடு, சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து நடு.

கார்த்தி: என்னுடையதில் எது எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது?

பெரியப்பா: கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி. நன்றாகக் குலுக்கி அசையாமல் வை. மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டலுக்குச் சில மணி நேரம், களிக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ. அடுக்குகளை அளந்து பார்.

மீனா: சோப்பு எதற்கு பெரியப்பா?

பெரியப்பா: களித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அவை பிரிந்தால்தான் அளவு சரியாக வரும்.