வரைந்த கை யாருடையது? பெயர் தெரியாமல் போன சித்திரக்கதை ஓவியர்கள்: உங்கள் அனுபவம்

கிழிந்த அட்டை:
மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் சித்திரக்கதை நாயகன் இரும்புக்கை மாயாவியை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேலை நிமித்தம் பார்சிலோனாவில் மூன்று வாரம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சான் அந்தோனி சந்தைப் பக்கம் பழைய புத்தகம் விற்கிறார்கள். மூர் மார்க்கெட் நினைவோடு போய், ஒரு கடையில் மஞ்சளேறிய சித்திரக்கதை ஒன்றைப் புரட்டினேன். பெயர் கூட்டோ, கதாநாயகன் சின்னப் பையன். மொழி ஒரு சொல்லும் புரியவில்லை. ஒரு படக்கட்டத்துக்குள் யாரோ ஒருவன் மேசை விளிம்பைப் பிடித்திருக்கிறான். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரல் மூட்டுகளில் மட்டும் மை தேங்கி, மற்ற இடமெல்லாம் வெளிச்சம். எட்டு வயதில் தெருவிளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்த கை அது!

கைபேசியில் மாயாவி கதையான 'பாம்புத் தீவு' பக்கம் ஒன்று இருந்தது. கடைக்காரரிடம் நீட்டினேன். எழுபது வயதிருக்கும் அவருக்கு. தமிழ் எழுத்துகளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு படத்தின்மேல் விரல் வைத்து "பிளாஸ்கோ" என்றார். அதே விரலால் தரையைக் காட்டினார். இந்த ஊர்க்காரர் என்கிறார்.

ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் அங்கேயே பிறந்தவர், 1995இல் காலமானார். 1972இல் தமிழ்ச் சித்திரக்கதை இதழான முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே நம் வீட்டுக்குள் வந்துவிட்ட மனிதர். மாயாவியான லூயிஸ் கிராண்டேலைத் தெரியும், கதையில் வரும் பேராசிரியர் பாரிங்கரைத் தெரியும், வரைந்தவரை மட்டும் நாற்பத்தைந்து வயதில் ஒரு நடைபாதைக் கடையில் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மஞ்சள் சட்டை:
நடந்தது. இத்தாலிய கௌபாய் சித்திரக்கதை நாயகன் டெக்ஸ் வில்லர். 1948இலிருந்து அவரை வரைந்த அவுரேலியோ கலெப்பினி, 'கலெப்' என்று சுருக்கமாகக் கையெழுத்திடுவார். இத்தாலியில் வந்த 400ஆவது இதழ் வரை அட்டைப்படம் எல்லாம் அவர் கைதான். அந்த 400ஆவது அட்டையில் டெக்ஸ் கையை உயர்த்தி விடைபெறுகிறார். இதழ் வந்தது 1994 பிப்ரவரி, கலெப் இறந்தது மார்ச். அந்த அட்டையைப் பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போடக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது கடைப் பையன், "சார், இவர் யாருக்கு டாட்டா காட்டுகிறார்?" என்று கேட்டான். வாய் திறந்தேன், சொல் வரவில்லை. "பில்லைக் கொடு தம்பி" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வருடமாகிறது, அவனுக்குப் பதில் சொல்லாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

ஒற்றைச் சிலந்தி:
மஞ்சள் சட்டை சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். கலெப்புக்கு என்ன குறை? இத்தாலியில் அவரைக் கொண்டாடுகிறார்கள். நமக்குத் தெரியாதவர் எல்லாம் உலகத்துக்கே தெரியாதவர் ஆகிவிடுவாரா? தலைப்பைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

உண்மையில் வஞ்சிக்கப்பட்டவர்கள் பிரிட்டிஷ் வார இதழ்களில் வரைந்தவர்கள். பெயர் போடும் வழக்கமே அங்கே இல்லை. ஓவியர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன்மேல் வெள்ளை பூசி அழித்துவிடுவார்கள். 1977இல் கெவின் ஓ'நீல் '2000 ஏடி' இதழில் படைப்பாளிகள் பெயரைத் துணிந்து அச்சிட்ட பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. நமக்குத் தமிழில் வந்த பிரிட்டிஷ் சித்திரக்கதை நாயகன் ஸ்பைடரை வரைந்த ரெக் பன் 1971இலேயே இறந்துவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் வடிவியல் நோட்டின் பின்பக்கத்தில் ஸ்பைடரின் முகத்தைப் பார்த்து வரைய முயன்றேன். கூர்க்காது வந்தது, மூக்கு வந்தது. கன்னத்து நிழல் மட்டும் வரவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அது நிழலே இல்லை, குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கோடுகள். எண்ண ஆரம்பித்து நூற்றுச் சொச்சத்தில் கண்ணில் நீர் வந்து நிறுத்திவிட்டேன். பெருவிரல் அகலத்துக்குத்தான் இருந்தது அந்தக் கன்னம்! நம் ஊர் நியூஸ்பிரிண்டில் பாதிக் கோடுகள் அப்பிப்போன பிறகும் நூறு. அசலில் எத்தனை இருந்திருக்கும்?

மஞ்சள் சட்டை:
தம்பி, தலைப்பைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். சிவகாசியில் அச்சான டெக்ஸை நாற்பது வருடமாக வாசிக்கும் பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள், எத்தனை பேர் கலெப் என்று சொல்கிறார்கள் பார்ப்போம். ரெக் பன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

அலமாரி:
என்னுடையது சின்ன அனுபவம். சாகச நாயகி மாடஸ்டி பிளைசியின் சித்திரக்கதை ஆங்கிலத் தொகுப்பு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். கதை நடுவில் திடீரென்று மாடஸ்டி வேறு பெண்ணாகிவிட்டாள். அதே கொண்டை, அதே கதை, கண் மட்டும் வேறு. அச்சுப் பிழையோ என்று முந்தைய பக்கத்துக்குப் போய்ப் போய் வந்தேன். பிறகுதான் தெரிந்தது, 1970இல் அந்தக் கதையை வரைந்துகொண்டிருக்கும்போதே ஜிம் ஹோல்டவே இறந்துவிட்டார். மீதியை என்ரிக் ரொமேரோ முடித்தார். அவரும் பார்சிலோனாக்காரர்தான், கிழிந்த அட்டை கவனிக்க.

அது போகட்டும். முதல் பதிவரின் பெயரைப் பார்த்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய இதழ்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் செல்லோடேப்பைத் தூர எறியுங்கள். பத்து வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூத் தாளும் மைதாப் பசையும் போதும், பசை நீர்க்க இருக்கட்டும். துருப்பிடித்த பின்னைச் சுற்றித்தான் தாள் முதலில் இற்றுப்போகும், அதனால் பின்னை நிமிர்த்தி எடுத்துவிட்டு வெள்ளை நூலால் தையுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். லேமினேஷன் கடைக்காரன் ஆசை காட்டுவான், போகாதீர்கள், ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது. பாச்சை உருண்டையைத் தாளோடு ஒட்டி வைக்க வேண்டாம். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அடுக்கும்போது படுக்க வைக்க வேண்டும், நிற்க வைத்தால் முதுகு வளைந்துவிடும். இன்னொன்று, பைண்டிங் செய்யக் கொடுத்தால் ஓரம் வெட்ட வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். வாயால் சொன்னதைக் கேட்காமல் ஒருவர் என் பன்னிரண்டு இதழ்களின் தலையையும் சீவிவிட்டார்.

ஒற்றைச் சிலந்தி:
யாரும் கேட்கவில்லையே ஐயா. இருந்தாலும் குறித்துக்கொண்டேன்.

நாலாம் வீடு:
நீங்கள் எல்லோரும் வெளிநாட்டுக்காரர்களையே பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் நாலாவது வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் வரைந்தவர். அந்தக் காலத்தில் ஓர் அச்சகத்தில் சித்திரக்கதைகளுக்கு 'டச்சிங்' வேலை. அதாவது பாத்திரங்களின் பேச்சு வரும் பலூனுக்குள் இருக்கும் ஆங்கிலத்தை வெள்ளை மையால் மூட வேண்டும், தமிழை வெட்டி ஒட்ட வேண்டும். வெளிநாட்டு இதழின் பக்கம் ஒரு அளவு, நம் இதழின் பக்கம் ஒரு அளவு. பக்கத்தைப் பிரித்து அடுக்கும்போது கட்டங்களுக்கு நடுவே காலியிடம் விழும். அங்கெல்லாம் படத்தை நீட்டி வரைய வேண்டும். சுவர், வானம், மரக்கிளை, சில இடங்களில் ஆளின் முழங்காலுக்குக் கீழே காலும் பூட்ஸும்.

ஒருநாள் நான் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது. பின்னாலிருந்து குனிந்து பார்த்தவர், ஒரு கட்டத்தில் சுண்டுவிரலை வைத்தார். "டேய் பேராண்டி, இந்தக் கதவு பார். தாழ்ப்பாள் வரைக்கும் வெள்ளைக்காரன் போட்டது. அதற்குக் கீழே நான்." எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒட்டு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. மரத்தின் வரிகள்கூட மேலிருந்து அப்படியே வழிந்து இறங்கியிருந்தன. "தெரியவில்லையே தாத்தா" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அது என்ன கதை என்பது இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. புத்தகம் கைமாறிப் போய்விட்டது. பழைய இதழ் எது கிடைத்தாலும் கதவுகளைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கிழிந்த அட்டை:
தாழ்ப்பாள் உள்ள மரக்கதவா? என்னிடம் இருக்கும் இதழ்களில் தேடிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை அவகாசம் கொடுங்கள்.

அலமாரி:
கிடைத்தால் பக்கத்தை அகல விரித்து ஸ்கேன் செய்யாதீர்கள், முதுகு பிளந்துவிடும்.