'தி மெசேஜ்' தெருவின் குரலா, கம்பெனிப் பாட்டா?

தாளக்கட்டை: கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷும் ஃப்யூரியஸ் ஃபைவ் குழுவும் 1982-ல் தந்த 'தி மெசேஜ்' ராப் பாட்டை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருவின் குரல் என்பதை நான் ஏற்கவில்லை. குழுவில் இசைத்தட்டு சுழற்றும் டிஜே ஃப்ளாஷ், அதில் இசைத்தட்டையே தொடவில்லை. பாட்டை வெளியிட்ட ஷுகர் ஹில் கம்பெனியின் ஸ்டூடியோ இசைக்காரர் டியூக் பூட்டி எழுதியது. முதலாளி சில்வியா ராபின்சன் விடாமல் வற்புறுத்தினார். குழுவுக்கு முதலில் இஷ்டமே இல்லை. குழுவில் பூட்டியோடு சேர்ந்து பாடியது மெல்லி மெல் ஒருவர்தான். மற்றவர்கள் கடைசியில் போலீஸ் வந்து பிடிக்கும் காட்சியில் பேசுவதோடு சரி.

ஒலிநாடா: யார் கொண்டுவந்தால் என்ன, உள்ளே இருப்பதைப் பாருங்கள். படிக்கட்டில் மூத்திரம், முன்னறையில் எலி, பின்னறையில் கரப்பான், கடனுக்காகக் காரை இழுத்துப் போகும் வண்டி. ரயில் வேலைநிறுத்தமும் வருகிறது. 1980 ஏப்ரலில் நியூயார்க்கில் 11 நாள் பஸ்ஸும் ரயிலும் ஓடவில்லை. வாழ்ந்தவனுக்குத்தான் இந்த விவரமெல்லாம் கண்ணில் படும்.

தாளக்கட்டை: பிறக்கும் குழந்தை சிறையில் தூக்கில் முடியும் கடைசிச் சரணம் புதிதே அல்ல. 1979-ல் 'சூப்பர்ராப்பின்' என்ற கொண்டாட்டப் பாட்டில் மெல் பாடியதுதான். அன்று அதை யார் பெரிதாகப் பேசினார்கள்?

ஒலிநாடா: என் கட்சியே அதுதான்! அங்கே ஆள் மாற்றி ஆள் பாடும் கும்மாளத்தில் அந்த வரிகள் அமுங்கிவிட்டன. இங்கே நிமிடத்துக்குச் சுமார் 100 தாளத் தட்டுதான். வரிக்கு வரி மூச்சுவிட இடம், நடுவில் கீபோர்டின் சின்னத் துணுக்கு. 115-க்கு முடுக்கிக் கேளுங்கள், கால் ஆடும், காது கேட்காது. சமூகப் பாட்டு செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான்: ஆட்டத் தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றுகிறார்கள்.

நடுப்பக்கம்: முதல் சமூக ராப் என்று மட்டும் சொல்லாதீர்கள். 1980-லேயே பிரதர் டி என்ற ராப்பர் அரசியல் பேசிவிட்டார், கர்டிஸ் ப்ளோ 'ஹார்ட் டைம்ஸ்' பாடிவிட்டார். பிரதர் டி எழுந்து நில்லுங்கள் என்று கூப்பிட்டார். இது கூப்பிடவில்லை, தெருவைக் காட்டியது. அமெரிக்காவின் பில்போர்டு பொதுப் பாட்டுப் பட்டியலில் 62-ஆம் இடத்தைத் தாண்டாத பாட்டை, 2002-ல் மரபாகக் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் அமெரிக்க தேசியப் பட்டியலுக்கு முதன்முதலில் தேர்ந்த 50-க்குள் சேர்த்தார்களே.

தாளக்கட்டை: அதே இசையை 1997-ல் ராப்பர் பஃப் டாடி பணப் பெருமை பாட எடுத்துக்கொண்டாரே, அதுவும் மரபா? பாட்டு பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதியவர்கள் வரிசையில் ஃப்ளாஷ் பெயர் இல்லை. பாராட்டும்போது பூட்டியையும் மெல்லையும் முதலில் சொல்லுங்கள்.