மியூர்-ஏ நொதிக்கு ஃபேஜ் பேனிங்: ஒரே பெப்டைடு திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி:
செல்சுவர் கட்டுவதில் பங்குள்ள ஈ.கோலை மியூர்-ஏ நொதியைப் பிளேட்டில் பூசி, ஏழு அமினோ அமிலப் பெப்டைடுகளைத் தாங்கும் எம்13 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்) லைப்ரரியுடன் மூன்று சுற்று பேனிங் (ஒட்டாததைக் கழுவி, ஒட்டியதைப் பெருக்குவது) முடிந்தது. வரிசை பார்த்த குளோன்களில் பாதிக்கு மேல் எச்-ஏ-ஐ-ஒய்-பி-ஆர்-எச் என்ற அமினோ அமில வரிசைதான். அந்தப் பெப்டைடைச் செய்வித்துப் பார்த்தால் 200 மைக்ரோமோலாரில் நொதியின் வேகம் குறைகிறது, பாக்டீரியா மட்டும் வழக்கம்போல வளர்கிறது. இதையே மேம்படுத்தலாமா?

பதில் 1:
வேண்டாம், விட்டுவிடுங்கள். எந்த இலக்கை வைத்தாலும் தலைகாட்டும் வரிசை இது. அந்த ஃபேஜில் இரண்டாம் ஜீனின் ரைபோசோம் பிணைப்பிடத்தில் ஒரு மாற்றம் உண்டு. அதனால் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். 2008இலேயே வெளியான விஷயம். சந்தேகமிருந்தால் பிஎஸ்ஏ (மாட்டு சீரப் புரதம்) மட்டும் பூசிய குழியிலும் ஃபேஜ் எலைசா (ஒட்டிய ஃபேஜை நிறத்தால் அளக்கும் சோதனை) போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வந்தால் நொதியோடு அதற்கு உறவில்லை.

மறுபடி செய்யும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஃபேஜை வெறும் பிஎஸ்ஏ குழியில் ஊறவைத்து, ஒட்டுவதைக் கழித்துவிடுங்கள். கழுவும் பஃபரில் ட்வீன்-20 (சோப்பு போன்றது) முதல் சுற்றில் 0.1%, பிறகு 0.5%. பெருக்குவதை நாலரை, ஐந்து மணி நேரத்தோடு நிறுத்துங்கள். பி.எச். 2.2 கிளைசின் ஒட்டியதையெல்லாம் கழற்றிவிடும். முதலில் நொதியின் சொந்த வினைப்பொருளான யூடிபி-என்-அசெட்டைல்குளுக்கோசமினால் கழற்றினால் செயல்மையத்தில் உட்கார்ந்தவை கூடுதலாக வரும். மிக இறுக்கமானவை அதற்கும் அசையாது. ஆகவே அப்புறம் கிளைசினிலும் கழற்றித் தனியாக வையுங்கள்.

பதில் 2:
200 மைக்ரோமோலார் தடையை அப்படியே நம்பாதீர்கள். 0.01% டிரைட்டான் எக்ஸ்-100 (இதுவும் சோப்பு வகை) சேர்த்ததும் தடை மறைந்தால் அது பெப்டைடு ஒன்றாகத் திரண்டு நொதியைப் பிடித்துக்கொள்வதன் வேலை. வினையில் வெளிவரும் பாஸ்பேட்டை மாலகைட் கிரீன் சாயத்தில் அளக்கிறீர்கள் என்றால் ஸ்டாண்டர்டு வளைகோட்டிலும் அதே டிரைட்டான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, செயற்கைப் பெப்டைடு பெரும்பாலும் டிஎஃப்ஏ (டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலம்) உப்பாகவே வரும். இந்த வரிசையில் நாலு கார இடங்கள். நாலும் டிஎஃப்ஏ பிடித்தால் எடைபோட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கு பெப்டைடே அல்ல. பஃபர் நீர்த்திருந்தால் பி.எச். இறங்கி, அதுவே தடைபோலத் தெரியும். அதே அமினோ அமிலங்களைக் கலைத்துப் போட்ட கட்டுப்பாட்டுப் பெப்டைடு கட்டாயம் தேவை.

கேள்வி கேட்டவர்:
நல்ல பெப்டைடே கிடைத்தாலும் செல்லுக்குள் போகுமா?

பதில் 3:
அதுதான் பெரிய தடை. வெளிச்சவ்வின் துளைப் புரதங்களான போரின்கள் சுமார் 600 டால்டன் வரைதான் விடும். உங்களுடையது 900 பக்கம். பெப்டைடுகளை உள்ளே கொண்டுபோகும் ஓபிபி கடத்தி ஐந்து அமினோ அமிலம் வரை இழுக்கும், ஏழு அதற்கு நீளம். பாலிமிக்சின் பி நோனாபெப்டைடால் வெளிச்சவ்வைத் தளர்த்தலாம், ஆனால் மியூர்-ஏ இருப்பது சைட்டோபிளாசத்தில். உள்சவ்வு அப்படியே நிற்கும். செல்லுக்குள் நுழையும் வால் ஒட்டினால் அந்த வாலே சவ்வைக் கிழிக்கலாம், எனவே வாலை மட்டும் தனியாகவும் சோதியுங்கள். இலக்கை மாற்ற வழியிருந்தால் டெம்-1 பீட்டா-லாக்டமேஸ் (பெனிசிலினைச் சிதைக்கும் நொதி) பாருங்கள். அது இரு சவ்வுகளுக்கும் இடையிலான பெரிபிளாசத்தில் இருப்பதால் ஒரு சவ்வைத் தாண்டினால் போதும், சிதைந்தால் நிறம் மாறும் நைட்ரோசெஃபினோடு 486 நானோமீட்டரில் நேரடியாக அளக்கலாம்.