ஃபியூயல் பம்ப் கேஸ்கெட் கசிவு: நாமே மாற்றலாமா?

கேள்வி:
பழைய பெட்ரோல் பிக்கப், கார்புரேட்டர் வண்டி. இன்ஜின் பிளாக்கில் பம்ப் உட்காரும் இடத்தில் கசிவு. கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பு) மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1:
கசிவது எது என்று முதலில் பாருங்க. அந்த கேஸ்கெட் தடுப்பது இன்ஜின் ஆயிலை, பெட்ரோலை அல்ல. பம்ப் உடம்பிலிருந்து பெட்ரோல் கசிந்தால் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கும், பம்பையே மாற்றணும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்க. அதிலும் பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டவே ஓட்டாதீங்க. நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தேய்ந்துவிடும்.

பதில் 2:
ஆயில்தான் என்றால் வேலை சுலபம். இன்ஜின் நன்றாக ஆறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. டேங்க் ஹோஸை அடைத்துவிட்டு, பம்பின் 2 போல்ட்டையும் எடுங்க. பம்ப் இருந்த துளையில் துணி திணித்துக்கொண்டு பழைய கேஸ்கெட்டை முழுசாகச் சுரண்டணும். துகள் உள்ளே விழக்கூடாது. மாட்டும் முன் துணியை எடுத்துவிடுங்க!

பதில் 3:
பலர் சிக்குவது மாட்டும்போதுதான். கிராங்கை (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டை) கையால் சுற்றி, பம்பை இயக்கும் கேமின் மேடு பம்ப் கையை (உள்ளே நீளும் நெம்புகோலை) விட்டு விலகும்படி வையுங்க. இல்லையென்றால் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும், போல்ட் கோணலாக ஏறி மரை போய்விடும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. ஒரே பக்கம் இறுக்கினால் விளிம்பு வளைந்து புது கேஸ்கெட்டும் கசியும். பம்புக்கும் பிளாக்குக்கும் இடையில் ஸ்பேசர் (இடைவெளிக் கட்டை) இருந்தால் அதன் இரண்டு பக்கமும் கேஸ்கெட் வேண்டும்.