1969-க்குப் பிறகு நாம் நின்றுவிட்டோமா?

ஒலிமிஞ்சி:
1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் முதல் தடவையாக 12 விநாடி பறந்தது, கடந்த தூரம் 120 அடி. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் நிற்கிறான். இடையில் 66 வருடம்தான். சரி, அதற்கப்புறமும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டதே, என்ன கிழித்தோம்? 1958-இல் சேவைக்கு வந்த போயிங் 707 பயணிகள் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டிப் பறந்தது, இன்றைய 787-உம் கிட்டத்தட்ட அதே வேகம்தான். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில், ஒலியையே மிஞ்சிப் போன கான்கார்ட் பயணிகள் விமானத்தை 2003-இல் நிறுத்தியாயிற்று. நிலவில் கடைசியாக ஆள் நடந்தது 1972 டிசம்பரில், அப்பல்லோ 17. பழைய சாதனையைத் தாண்டாததுகூடப் போகட்டும், கையில் இருந்ததையே கீழே போட்டுவிட்டோம். மறுப்பவர்கள் வரலாம்.

டர்பைன் தம்பி:
வேகத்தை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் இப்படித்தான் வரும் அண்ணே. நீங்கள் சொல்கிற அதே 1969-இல் பிப்ரவரி 9 அன்று போயிங் 747 முதல் தடவை பறந்தது, சரியாக மூன்று வாரம் கழித்து மார்ச் 2 அன்று கான்கார்ட். எது நிலைத்தது? கான்கார்ட் 95 டன் எரிபொருளை நிரப்பிக்கொண்டு ஏற்றிப்போனது நூறு பேரை, 747 ஏற்றியது முந்நூற்றைம்பதுக்கும் மேல். கான்கார்ட் செய்தது மொத்தம் 20, 747 ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது.

விஷயம் இன்ஜினில் இருக்கிறது. கான்கார்டில் இருந்தது போன்ற டர்போஜெட்டில் உள்ளே வரும் காற்று மொத்தமும் மையப்பகுதி வழியாகவே போய்ப் பின்னால் பீறிட்டு அடிக்கும். 747-இல் இருக்கும் டர்போபேனில் முன்னால் ஒரு பெரிய விசிறி, அது தள்ளும் காற்றில் பெரும்பங்கு மையத்துக்குள் நுழைவதே இல்லை, சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். கொஞ்சம் காற்றைப் படுவேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருளும் மிச்சம், சத்தமும் குறைவு. முதல் 747-இல் மையத்துக்குள் ஒரு பங்கு போனால் சுற்றிப்போனது ஐந்து பங்கு, 787-இல் அது பத்தை நெருங்குகிறது. 1970-இல் உலகம் முழுக்க விமானம் ஏறியவர்கள் சுமார் 31 கோடி, 2019-இல் 450 கோடி. இதற்குப் பெயர் நின்றுபோனதா?

ஒலிமிஞ்சி:
கூட்டம் கூடினால் அது வியாபாரம் தம்பி, மைல்கல் இல்லை. கான்கார்டை இயற்பியல் மட்டும் சாகடிக்கவில்லை. 1973-இல் அமெரிக்கா தன் நிலப்பரப்புக்கு மேலே பயணிகள் விமானம் ஒலியை மிஞ்சிப் பறக்கத் தடை போட்டது, அதே வருடம் எண்ணெய் விலையும் எகிறியது. கடலுக்கு மேலே மட்டும் ஓடு என்று காலைக் கட்டிவிட்டு ஓட்டத்தில் தோற்றுவிட்டாய் என்றால் என்ன நியாயம்?

சரக்குப்பெட்டி:
இருவரும் ஆகாயத்தையே பார்க்கிறீர்கள். 1956 ஏப்ரல் 26, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. ஏற்பாடு செய்தவர் லாரி முதலாளி மால்கம் மெக்லீன். உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆன காலம், பெட்டியில் போட்டு ஏற்றியபோது 16 சென்ட் என்று கணக்கு வந்தது. உங்கள் ராக்கெட் எதுவும் உலகத்தை இந்த அளவுக்கு மாற்றவில்லை.

ஒலிமிஞ்சி:
1956 என்று நீங்களே சொல்கிறீர்கள். என் கணக்கில் ஒன்று சேர்த்ததற்கு நன்றி.

சரக்குப்பெட்டி:
அவசரப்படாதீர்கள். பெட்டியின் அளவுக்குச் சர்வதேசத் தரம் வந்ததே 1968-இல்தான். ஒரே பெட்டி கப்பல், ரயில், லாரி மூன்றிலும் பிரிக்காமல் போகிற உலகம் அதற்குப் பிறகுதான் வளர்ந்தது. கண்டுபிடித்த தேதியை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு அது பரவிய காலத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் எல்லாமே 1969-க்கு முன்னால் முடிந்ததாகத்தான் தெரியும்.

டர்பைன் தம்பி:
அதேதான். ராக்கெட்டுக்கே வருவோம். அப்பல்லோவை ஏவிய 110 மீட்டர் உயர சாட்டர்ன் 5 ராக்கெட் கிளம்பினால் திரும்பி வருவது நுனியில் இருக்கும் கூம்புக்கூடு மட்டும். இதை மாற்றத்தான் திரும்பத் திரும்பப் பறக்கும் விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) வந்தது. 1981-இலிருந்து 2011 வரை 135 பயணம், ஆனால் திரும்பி வந்ததும் ஆயிரக்கணக்கான வெப்பத்தடுப்பு ஓடுகளைச் சோதித்தாக வேண்டும், செலவு குறையவே இல்லை. பறந்த ஐந்து ஓடங்களில் இரண்டு அழிந்து 14 பேர் போனார்கள். அப்புறம் 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு செங்குத்தாக வந்து தரையில் இறங்கியது, 2017 மார்ச்சில் ஏற்கெனவே பறந்த ஓர் அடுக்கே மறுபடியும் ஏவப்பட்டது. 1969-இல் இதை யாராலும் செய்ய முடியவில்லை.

ஒலிமிஞ்சி:
இறங்கியது அழகுதான், நானும் ரசித்தேன். ஆனால் அது ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும் விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்பல்லோ போனது 3,84,000 கிலோமீட்டர். மலிவாக்கியதை முன்னேற்றம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எல்லையை நகர்த்தியது என்று சொல்லாதீர்கள்.

டர்பைன் தம்பி:
அந்த எல்லைக்கு என்ன விலை கொடுத்தார்கள்? 1966-இல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போனது. சோவியத்தை முந்த வேண்டும் என்ற வெறி இருந்தவரை கொடுத்தார்கள், முந்தியதும் கையை மூடிக்கொண்டார்கள். தொழில்நுட்பம் நின்றுபோய் நிலவுப் பயணம் நிற்கவில்லை.

அப்புறம் வேகமே கூடவில்லை என்றீர்கள், தரையைப் பார்த்தீர்களா? 1964-இல் டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் அதிவேக ரயில் தொடங்கியபோது மணிக்கு 210 கிலோமீட்டர், இப்போது ஜப்பானில் 320 ஓடும் பாதை இருக்கிறது. 2015-இல் அவர்களுடைய காந்த மிதவை ரயில் சோதனை ஓட்டத்தில் 603 தொட்டது.

ஒலிமிஞ்சி:
பார்த்தீர்களா, இது என் வாதம்தான். பத்து இருபது வருடம் விடாமல் பணம் போட்ட இடத்தில் வேகம் வந்திருக்கிறது. மனசு வைத்தால் முடியும், வானத்தில் வைக்கவில்லை.

டர்பைன் தம்பி:
அப்படியென்றால் தலைப்பை "பயணிகள் விமானத்தின் வேகம் மட்டும் நின்றுவிட்டதா" என்று மாற்றுங்கள். நான் கையெழுத்தே போடுகிறேன்.

ஒலிமிஞ்சி:
மாற்ற மாட்டேன். நிலவுக்கு ஷின்கான்சென் போகிறதா என்ன?