பிரபலங்கள் தங்கிய பழைய ஹோட்டலில் தங்குவது: கொழும்புப் பயணத்துக்கு ஆலோசனை வேண்டும்

பாளை வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதம் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மதுரை வழியாகக் கொழும்புக்குச் செல்லவிருக்கிறேன். எங்கள் பூட்டனார் தூத்துக்குடியில் கப்பலேறிச் சென்று கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். அதனால் அவர் காலத்தில் இருந்த கட்டடம் ஒன்றில் ஓர் இரவாவது தங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் விருப்பம். கால் பேஸ் ஹோட்டல், கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் ஆகிய இரண்டும் பழமையானவை என்றும், உலகப் புகழ் பெற்ற பலர் அங்கே தங்கினார்கள் என்றும் படித்தேன்.

ஆனால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. சென்ற கோடையில் மலையூர் ஒன்றில், பெரிய தலைவர் ஒருவர் தங்கிய அறை என்று சொல்லி வழக்கமான வாடகையைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். உள்ளே சென்று பார்த்தால் சுவரில் அவருடைய படம் மட்டும் மாட்டியிருந்தது. தரையில் புதிய டைல்ஸ், ஜன்னலுக்கு அலுமினியச் சட்டம், மேலே ஃபால்ஸ் சீலிங். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டியது இது என்பது, மறுநாள் காலையில் அங்கிருந்த காவலாளி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இன்னார் தங்கினார் என்று ஒரு ஹோட்டல் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? அந்த வாடகையைக் கொடுப்பது தகுமா? சீசனுக்கு வரும் சென்னை உறவினர்கள் நம் நெல்லைச் சீமையில் இப்படி ஏதும் உண்டா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு எதைக் காட்டுவது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகத்தான் எழுதியது:

வணக்கம் அண்ணாச்சி. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் சென்றவருடைய பேரப்பிள்ளைகள் என்று நீங்கள் சொல்வதால் கிராண்ட் ஓரியண்டலைப் பற்றி முதலில் சொல்கிறேன். அது கொழும்புத் துறைமுகத்தின் வாசலிலேயே நிற்கிறது. ராணுவக் குடியிருப்பாக இருந்த கட்டடம் 1875 இல் ஹோட்டலாக மாறியது. இடையில் சில காலம் டாப்ரபேன் என்ற பெயரிலும் இயங்கியது. தனுஷ்கோடி வழி 1914 இல் திறக்கும்வரை நம் பக்கத்து ஜனங்களுக்குத் தூத்துக்குடிதான் கொழும்புக்கு வாசல். வ.உ.சி. 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இதே கடல் வழியில் வெள்ளையர் கம்பெனியோடு போட்டியிடத்தான். உங்கள் பூட்டனார் கரையிறங்கியதும் கண்ணில் பட்ட முதல் பெரிய கட்டடங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். அவர் அங்கே தங்கியிருக்க வழியில்லை. தங்கியவர்கள் வேறு வகையினர். ஆனாலும் மேல்தளத்து உணவகத்தில் உட்கார்ந்து துறைமுகத்தை உங்கள் தகப்பனார் பார்க்கும்போது, அங்கே தங்கிய எந்தப் பிரபலரையும்விட அந்தக் காட்சிதான் அவருக்குப் பெரிதாகப் படும் என்று நான் நினைக்கிறேன்.

பிரபலர் என்று பார்த்தால் அங்கே ரஷ்ய எழுத்தாளர் செகாவின் பெயரில் ஓர் அறையே இருக்கிறது. சகாலின் தீவிலிருந்து கடல் வழியாகத் தாய்நாடு திரும்பியபோது, 1890 நவம்பரில் அவர் இலங்கையில் இறங்கினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் இலங்கையில் இருந்ததே சில நாள்கள்தான், அதிலும் கண்டிக்கு வேறு போய்வந்தார். ஆகவே அறைக் கதவில் ஒரு பெயரைப் பார்த்தால், அந்த மனிதர் அந்த ஊரில் எத்தனை இரவுகள் இருந்தார் என்பதை முதலில் கணக்குப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கால் பேஸ் ஹோட்டல் 1864 இல் தொடங்கியது. காலிமுகத் திடலின் தென்கோடியில், அலை வந்து மோதும் இடத்திலேயே இருக்கிறது. தங்கிய புகழ்பெற்றவர்களின் பெயர்களைப் பளிங்கில் பொறித்து வைத்திருக்கிறார்கள். எலிசபெத் அரசியின் கணவர் பிலிப், கடற்படை அதிகாரியாகக் கொழும்பில் இருந்தபோது வாங்கிய கார் அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆர்தர் சி. கிளார்க் தம்முடைய விண்வெளி நாவல் வரிசையின் நிறைவு நூலின் கடைசி அத்தியாயங்களை இந்த ஹோட்டலில்தான் எழுதினார். அவர் இலங்கையிலேயே குடியிருந்தவர் என்பதால் இந்தச் செய்தியை நம்பத் தடையில்லை. அறை எடுக்க மனமில்லையென்றால் மாலைத் தேநீருக்கு மட்டும் போகலாம். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போலத் தளமிட்ட முற்றத்தில், கடலைப் பார்த்தபடி பொழுது சாயும்வரை உட்காரலாம். மாலையில் கொடியிறக்கும் சடங்கும் நடக்கும். இரண்டில் ஒன்று என்றால், இரவுக்குத் துறைமுகத்து ஹோட்டல், மாலைக்குக் கால் பேஸ் என்பேன்.

சிங்கையில் கடையநல்லூரான் எழுதியது:

சரிபார்ப்பது எப்படி என்ற கேள்விக்கு நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலை ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887 இல், கடற்கரையோரப் பங்களா ஒன்றில் பத்து அறைகளோடு தொடங்கினார்கள். 1889 இல் அந்த ஊருக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங், அங்கே சாப்பாடு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அறைகள் அவ்வளவு மோசமாக இருக்கின்றன, ஆகையால் ராஃபிள்ஸில் சாப்பிட்டுவிட்டு வேறொரு ஹோட்டலில் போய்ப் படுங்கள் என்ற பொருளில் எழுதினார். உரிமையாளர்கள் பின்பாதியை வெட்டிவிட்டு, ராஃபிள்ஸில் சாப்பிடுங்கள் என்ற முன்பாதியை மட்டும் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். இன்று நாம் பார்க்கும் முதன்மைக் கட்டடம் 1899 இல்தான் எழும்பியது என்பதால், கிப்ளிங் குறைசொன்ன அறைகளும் இப்போது இல்லை. அன்றைக்கு வாசலில் இருந்த கடல்கூட, மண்ணிட்டு நிரப்பியதால் வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது.

ஆகவே நான் முதலில் பார்ப்பது இரண்டு ஆண்டுகளை: அந்த மனிதர் வந்த ஆண்டு, கட்டடத்தின் அந்தப் பகுதி எழும்பிய ஆண்டு. இரண்டாவது முந்தியதாக இருந்தால்தான் மேற்கொண்டு பேசவே இடமிருக்கிறது. அதற்கடுத்து, அந்தக் காலத்து நாளிதழ்கள் கப்பலில் வந்திறங்கிய பயணிகளின் பெயர்களை அச்சிடும் வழக்கம் உண்டு. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை எல்லாரும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தங்கியவர் எழுதிய கடிதங்கள் கிடைத்தால் அதைவிட உறுதியான சான்று வேறில்லை. இஸ்தான்புல்லில் பெரா பேலஸ் என்ற ஹோட்டலில், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் தங்கிய 101 ஆம் எண் அறையை வாடகைக்கு விடாமல் அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார்கள். அந்த நடைமுறையின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

கூடுதல் வாடகையைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான். அந்த மனிதர் ஏறிய மரப்படி, திறந்த ஜன்னல், நடந்த தாழ்வாரம் ஆகியவை இன்னும் இருந்தால் தயங்காமல் கொடுக்கலாம்; பெயர்ப்பலகை மட்டும் இருந்தால் அதை நின்று படித்துவிட்டு வேறிடத்தில் அறை எடுத்துக்கொள்ளலாம்.

தென்காசிச் சாரல் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நம் சீமையில் இப்படிப் பெயர் சொல்லும் பழைய ஹோட்டல் ஏன் இல்லை என்று நானும் யோசித்திருக்கிறேன். பெரிய மனிதர்கள் இங்கே வரவில்லை என்பது காரணமன்று. வந்தவர்களைக் காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அதிகாரிகள் முகாம் போனால் டி.பி. என்று இன்றும் நாம் சொல்லும் பயணியர் விடுதியில் இறங்கினார்கள், வழிப்போக்கர்கள் சத்திரத்தில் தங்கினார்கள், மற்றவர்களுக்கு வீடுகள் இருந்தன.

குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தை அங்கேதான் கழித்தார். 1954 இல் அவர் மறையும்வரை அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். இராஜாஜி வந்தார், கல்கி வந்தார். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பி, இலையில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பின் கம்பன் பாட்டில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசியிருந்த தலைமுறை அது. வேறொரு நாட்டில் என்றால் இத்தகைய வீட்டைப் பற்றி வழிகாட்டி நூலின் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். நம்மவர்களோ சீசன் நாளில் மெயினருவி, ஐந்தருவி, பரோட்டா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தாரின் அரண்மனையும் குற்றாலத்தில் இருக்கிறது. 1956 இல் மாநில எல்லைகள் மாறிச் செங்கோட்டை நம்மோடு சேர்ந்த பிறகும், அந்த அரண்மனை கேரள அரசின் உடைமையாகவே நீடிக்கிறது.

தங்க முடியாவிட்டாலும் பார்க்கத் தகுந்தவை என்றால், இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக்கியிருக்கிறது. பாரதியார் புதுவையிலிருந்து வெளியே வந்தபின், 1918 இறுதியிலிருந்து 1920 வரை பெரும்பாலும் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில்தான் இருந்தார். அவருக்கு அங்கே அறை எண்ணும் கிடையாது, பளிங்குப் பலகையும் கிடையாது. நித்தியகல்யாணி அம்மன் கோயில் இருக்கிறது, பின்னால் அதே மலை இருக்கிறது. உறவினர்களை மாலை வெயில் தாழ்ந்ததும் அங்கே கூட்டிச் செல்லுங்கள்.

பாளை வாசகர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பூட்டனார் கரையிறங்கிய இடத்துக்கு எதிரேயே தங்கலாம் என்றதும் அப்பா முடிவு செய்துவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், பழைய கட்டடத்தில் மாடி ஏறுவது ஒன்றுதான் இப்போதைய கவலை.

துறைமுகத்தான் எழுதியது:

முன்பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் மூன்று செய்திகளைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி: நீங்கள் எடுக்கும் அறை பழைய பகுதியில்தான் இருக்கிறதா, அந்தத் தளத்துக்கு லிஃப்ட் வருகிறதா, ஜன்னல் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறதா. தெருப்பக்கத்து அறையைக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். அப்பாவின் பயணமே அந்த ஜன்னலுக்காகத்தானே.